உலோக விலையும் சுரங்கப் பங்கும்

நெல்லின் விலை ஏறினால் வயலுடையவன் மகிழ்வான்; அது இயல்பு. ஆனால், அந்த விலையேற்றத்தைக் கேட்ட மாத்திரத்தில், இன்னும் வெட்டித் திருத்தப்படாத காட்டு நிலம் ஒன்றை, அதன் மண் இன்னதென்று அறியாமலே, நல்ல வயற்காணியின் விலை கொடுத்து ஒருவன் வாங்குவானாயின் ஊரார் அவனைக் கண்டு நகைப்பர். நிலத்தின் மேலே நிகழும் இத்தகைய செயலைப் பேதைமை என்று எவரும் எளிதில் உணர்வர். அதுவே நிலத்தின் கீழே நிகழும்போது உணர்பவர் சிலரே. பொன், வெள்ளி, செம்பு, நிக்கல் முதலிய உலோகங்களின் விலை உயருங் காலங்களிற் சுரங்கக் கம்பனிகளின் பங்குகளை மக்கள் விரைந்து வாங்கும் முறை, பெரும்பாலும் அந்தக் காட்டு நிலத்தை வாங்கும் முறையே ஆகும்.

இங்கு மூன்று பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று உலோகம், மற்றொன்று சுரங்கம், வேறொன்று பங்கு. உலோகத்துக்கு இன்றைய விலை என ஒன்று உண்டு. சுரங்கமோ வருங்காலத்துக்குரியது, அதிலிருந்து எவ்வளவு உலோகம், எவ்வளவு செலவில், எந்த ஆண்டில் வெளிவரும் என்பதே அதன் பெறுமதியைத் தீர்மானிக்கும். பங்கின் விலையோ இவ்விரண்டையும்பற்றி மக்கள் கொள்ளும் நம்பிக்கையாற் பிறப்பது. இன்றைய விலையை வருங்கால விளைவோடு பெருக்கி, அந்தப் பெருக்கத்தை உண்மையென நம்புவதே எல்லாத் துன்பத்துக்கும் தொடக்கம்.

உலோகங்களின் விலை திடீரென உயர்வது ஏன்? தேவை கூடினால் உடனே கூட்டித் தரக்கூடிய பொருளன்று உலோகம். ஒரு பருவத்தில் வெங்காய விலை உயர்ந்தால் அடுத்த பருவத்திற் கமக்காரர் கூடுதலாக வெங்காயம் நடுவர், விலை தணியும். சுரங்கத்தின் பருவம் அத்தகையதன்று. தாது இருக்கும் இடத்தைக் கண்டு, துளையிட்டு அளந்து, வீதியும் நீரும் மின்னும் அமைத்து, தாதை உடைத்து உருக்கும் ஆலைகளையும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். பத்தாண்டுக்கு மேற்படுவதும் உண்டு. ஆதலின், ஒரு போரோ பெருங் கட்டட முயற்சியோ தேவையைத் திடீரெனப் பெருக்குமானால், அல்லது ஒரு வேலைநிறுத்தம் வரத்தைத் திடீரெனக் குறைக்குமானால், இடைப்பட்ட காலத்தில் விலை ஒன்றே ஏறி அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டியிருக்கின்றது.

உலோக விலை ஒரு பங்கு உயர்ந்தாற் சுரங்கப் பங்கின் விலை பல பங்கு உயர்வதும் காரணமின்றி நிகழ்வதன்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு தொன் உலோகத்தை எடுக்க ஒரு சுரங்கத்துக்கு 900 ரூபா செலவாகின்றது என்றும், சந்தையில் அதன் விலை 1000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். இலாபம் 100 ரூபா. விலை நூற்றுக்குப் பத்து வீதம் உயர்ந்து 1100 ரூபா ஆனால் இலாபம் 200 ரூபா ஆகின்றது. விலை பத்து வீதமே ஏற, இலாபம் இரட்டித்துவிட்டது. ஆயின், அதே விலை 1000 ரூபாவிலிருந்து பத்து வீதம் இறங்கி 900 ரூபா ஆனால் இலாபம் முற்றாக அற்றுப்போகும். செலவு மிகுந்த சுரங்கமே ஏற்றத்தில் மிக விரைவாக ஏறும். இறக்கத்தில் முதலில் விழுவதும் அதுவே. ஏற்றத்தைக் காட்டிப் பங்கு விற்பவர் இந்தக் கணக்கின் முற்பாதியை மட்டுமே சொல்வர்.

இந்த உண்மைகள் யாவும் ஒருங்கே வெளிப்பட்ட ஒரு வரலாறு உண்டு. அது 1969ஆம், 1970ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. பொசைடன் என்ற சிறு கம்பனியின் பெயரால் அது இன்றும் பேசப்படுகின்றது.

துருப்பிடிக்காத உருக்கைச் செய்ய நிக்கல் வேண்டும். போர்த்தளவாடங்களுக்கும் விமானப் பொறிகளுக்கும் அது இன்றியமையாதது. 1960களின் பிற்பகுதியில் வியட்நாமிற் போர் மூண்டிருந்தமையால் நிக்கலின் தேவை பெருகியிருந்தது. அக்காலத்தில் உலகுக்கு நிக்கலை வழங்கிய நிறுவனங்களுள் முதன்மையானது கனடாவின் இன்கோ. அதன் சட்பரிச் சுரங்கங்களின் தொழிலாளர் 1969 யூலையில் வேலைநிறுத்தஞ் செய்தனர். நவம்பர் வரை அது நீடித்தது. தேவை உயர்ந்து வரவும் குறைந்தமையால், 1969 நவம்பர்த் தொடக்கத்தில் இலண்டனில் ஒரு தொன் நிக்கல் ஏறத்தாழ 7000 பவுண் விலை பெற்றது.

இந்த 7000 பவுண் என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். பெரிய உற்பத்தியாளர் தம் நெடுங்கால வாடிக்கையாளருக்குத் தாமே குறித்த விலையில் நிக்கலை விற்றுவந்தனர். அது 7000 பவுணிலும் மிகக் குறைவானது. அவர்களிடம் நிக்கல் கிடைக்காதவர்கள் வெளிச்சந்தையிற் சிறுசிறு அளவாகப் போட்டியிட்டு வாங்கிய விலையே 7000 பவுண். வெள்ளத்தால் வீதி தடைப்பட்ட நாளில் ஊர்க் கடையில் விற்கும் மண்ணெண்ணெயின் விலையைப் போன்றது அது. அந்த விலையில் ஓராண்டு முழுவதும் விற்கலாம் என்று எந்த வணிகனும் எண்ணான். ஆயினும் பத்திரிகைகளில் வந்ததும் மக்கள் மனத்திற் பதிந்ததும் அந்த விலையே.

மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி, பள்ளிக்கூடப் புவியியல் நூல்களிற் கல்கூர்லி, கூல்கார்டி என்னும் பொன்வயல்களின் பெயரால் அறியப்பட்டது. அங்கே கம்பால்டா என்னுமிடத்தில் வெஸ்டேர்ண் மைனிங் கோப்பரேசன் என்னும் கம்பனி 1966இல் நிக்கலைக் கண்டுபிடித்தது. அது உண்மையான, வளமான கண்டுபிடிப்பு. ஆதலால், அந்த மண்ணில் இன்னும் நிக்கல் இருக்கக்கூடும் என்ற எண்ணம் தவறானதன்று. லாவேட்டன் என்ற சிற்றூருக்கு அருகேயுள்ள விண்டாராவில் பொசைடன் கம்பனி துளையிட்டபோது அங்கும் நிக்கல் வெளிப்பட்டது. 1969 செப்டெம்பரில் அச்செய்தி வெளியாயிற்று.

அந்த மாதத் தொடக்கத்திற் பொசைடனின் ஒரு பங்கு 80 சதமாக இருந்தது. ஒக்டோபர் முதலாந் திகதி 12 டொலர் 30 சதமாயிற்று. அதன்பின் சுரங்கத்தைப்பற்றிப் புதிதாக அறியப்பட்டது மிகச் சிறிது. ஆனால் விலையோ நிற்கவில்லை. டிசம்பரில் 100 டொலரைக் கடந்தது. இலண்டனில் ஒரு தரகு நிறுவனம் அந்தப் பங்கு 382 டொலர் வரை பெறும் என்றுங் கணக்கிட்டது. 1970 பெப்ரவரியில் ஒரு பங்கின் விலை 280 டொலரைத் தொட்டது. செப்டெம்பர்த் தொடக்கத்தில் 100 டொலருக்கு 125 பங்குகளை வாங்கியவர், அந்த உச்சநாளில் அவற்றை 35,000 டொலருக்கு விற்றிருக்கலாம். ஆறு மாதத்துள் 350 மடங்கு! ஆயின், அவர் விற்க வேண்டுமாயின் 280 டொலர் கொடுத்து வாங்க வேறொருவர் வேண்டும். அந்த வேறொருவரின் கதையை மகிழ்ச்சியோடு சொல்வார் எவருமில்லை.

இத்தகைய விலைக்கு மக்கள் எவ்வாறு இணங்கினர் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கணக்கின் அமைப்பு எளிது. சில துளைகளிற் கண்ட தாதின் செறிவு, நிலத்தின் நீளத்திலும் ஆழத்திலும் அப்படியே தொடரும் என்று கொள்ளவேண்டும். அவ்வாறு வரும் தொன் கணக்கை வெளிச்சந்தை விலையாற் பெருக்க வேண்டும். அகழும் செலவை ஓரளவு மட்டுங் கழிக்க வேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றும் சிறிது மிகைப்பட்டாற் போதும். மூன்றும் ஒன்றையொன்று பெருக்கும்போது முடிவு மலையாகிவிடும். கணக்கிற் பிழையில்லை; கணக்குத் தொடங்கிய எண்களிலேயே பிழை.

பொசைடனின் பங்கு எட்டாத உயரத்துக்குச் சென்றபோது, அதனை வாங்க இயலாதவர்கள் விலை குறைந்த வேறு பங்குகளை நாடினர். விண்டாராவைச் சூழ்ந்த நிலமெங்கும் முளைகள் அறைந்து எல்லை குறிக்கப்பட்டது. அந்த முளைகளைத் தவிர வேறு சொத்தில்லாத கம்பனிகளின் பங்குகளும் விற்பனையாயின. டாஸ்மினெக்ஸ் என்ற கம்பனியின் கதை இதற்குச் சான்று. மவுண்ட் வென் என்ற இடத்தில் அது நிக்கல் கண்டதாக 1970 சனவரி இறுதியிற் பேச்சு எழுந்தது. சில டொலராக இருந்த அதன் பங்கு இலண்டனில் 96 டொலர் வரை சென்றது. அகழ்ந்து பயன்பெறத்தக்க நிக்கல் அங்கு இல்லை என்பது பின்னர்த் தெரிந்தது.

அவுஸ்திரேலியச் சட்டத்தின் ஒரு பழைய ஏற்பாடும் இங்கு நினைக்கத்தக்கது. விக்ரோரியாவில் 1871இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தாற் சுரங்கத் தொழிலுக்கென்றே ஒரு தனிவகைக் கம்பனி தோன்றியது. அத்தகைய கம்பனியின் பங்குக்குரிய பணத்தில் ஒரு பகுதியை மட்டும் செலுத்தியவர், மீதியைக் கம்பனி கேட்கும்போது செலுத்த விரும்பாவிட்டாற் பங்கைக் கைவிட்டுவிடலாம். கம்பனி அவர்மீது வழக்குத் தொடர இயலாது. பொசைடனும் இவ்வகைக் கம்பனியே. சுரங்கம் என்பது பெரும்பாலும் தோல்வியில் முடியக்கூடிய முயற்சி என்பதை நூறு ஆண்டுக்கு முன்னரே சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். பங்கு வாங்கியோர் அதை மறந்தனர்.

சுரங்கப் பங்குகளின் பொதுவிலை 1970 சனவரியிலேயே உச்சத்தை அடைந்து சரியத் தொடங்கியது. பொசைடனும் பெப்ரவரிக்குப்பின் விழுந்தது. கனடாவின் வேலைநிறுத்தம் 1969 நவம்பரிலேயே முடிந்துவிட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. விலையேற்றத்துக்குக் காரணமான தட்டுப்பாடு தணியத் தொடங்கிய பின்னரே பங்குகளின் விலை மிகப் பெரிதாக ஏறியது. அடுப்பில் நெருப்பு அணைந்த பின்பும் சிறிது நேரம் பாற்பானை பொங்குவதுபோல அது இருந்தது.

விண்டாரா வெறும் பொய்யன்று. அங்கே நிக்கல் உண்மையாகவே இருந்தது. ஆயினும் தாதின் செறிவு முதலில் எண்ணியதிலும் குறைந்திருந்தது. அகழும் செலவு எண்ணியதிலும் கூடியது. 1974இற் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியபோது நிக்கலின் விலை பழைய உயரத்தில் இல்லை. 1976இற் பொசைடன் பங்குச் சந்தையின் பட்டியலிலிருந்து நீங்கியது. அதன் சுரங்கம், கம்பால்டாவை அமைதியாக நடத்திவந்த வெஸ்டேர்ண் மைனிங் கோப்பரேசனின் கைக்குச் சென்றது. ஏமாற்றுக் கம்பனி ஒன்றை நம்பிக் கெட்டவரை விட, உண்மையான தாதுள்ள கம்பனியை உரிய விலைக்கு மேலே வாங்கிக் கெட்டவர்க்கு ஆறுதல் சொல்வது கடினம். பொருள் நல்லதாயிருந்தும் விலை பொல்லாததாயிருந்தது.

இந்த இழப்பால் விளைந்த நன்மைகளும் உண்டு. அவுஸ்திரேலியாவின் செனற் சபை, பங்குச் சந்தையின் நடைமுறைகளை ஆராய ஒரு குழுவை 1970இல் அமைத்தது. செனற்றர் பீற்றர் றே தலைமை வகித்த அக்குழு 1974இல் அறிக்கை சமர்ப்பித்தது. தரகர்களும் இயக்குநர்களும் நடந்துகொண்ட முறைகளை அது வெளிப்படுத்தியது. பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான பங்குச் சந்தைச் சட்டம் எழ அது வழிகோலியது. கனிப்பொருளைப்பற்றிக் கம்பனிகள் வெளியிடும் கூற்றுகளை ஒழுங்குபடுத்த 1971இல் வேறொரு கூட்டுக்குழு அமைந்தது. அதன் விதித்தொகுதி 1989இல் வெளிவந்தது. அந்த விதிகளின்படி, நிலத்தின் கீழ் இருக்கலாம் என்று ஊகிக்கப்படும் தாது வேறு. துளைகளாற் சுட்டப்படும் தாது வேறு. நெருங்கிய துளைகளால் அளந்தறியப்பட்ட தாது வேறு. அவற்றுள்ளும் இலாபத்தோடு அகழ்ந்தெடுக்கத் தக்கதென நிறுவப்பட்ட இருப்பு வேறு. தகுதிபெற்ற ஒருவர் பொறுப்பேற்றே இவற்றை வெளியிட வேண்டும். இன்று ஒரு சுரங்கக் கம்பனியின் அறிவித்தலைப் படிப்பவர், முதலிற் காணவேண்டியது எத்தனை கோடித் தொன் என்பதையன்று. அந்தத் தொன் மேற்கூறிய எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதையே.

விலையேற்றம் தன் முடிவைத் தானே தேடிக்கொள்ளும் என்பதும் இவ்வரலாற்றின் பாடம். இலங்கையும் இதனை அறிந்த நாடே. ஒருகாலத்தில் உலகின் காரீய வாணிகத்தில் இலங்கை முதன்மை பெற்றிருந்தது. உலோகம் உருக்கும் மூசைகள் காரீயத்தாற் செய்யப்பட்டன. முதலாம் உலகப் போரின்போது படைக்கலத் தொழில் பெருகவே இலங்கைக் காரீயத்தின் விலையும் ஏற்றுமதியும் உயர்ந்தன. போர் முடிந்தது, தேவை சுருங்கியது, மடகாஸ்கரின் காரீயம் போட்டிக்கு நின்றது, இலங்கையிற் பல சுரங்கக் குழிகள் கைவிடப்பட்டன. போர்க்கால விலை நிலைக்கும் என்று நம்பிக் குழி தோண்டியவர் கைப்பொருளை இழந்தனர்.

நிக்கலின் வரலாறும் மீண்டும் அவ்வாறே சென்றது. சீனாவின் தொழில் வளர்ச்சியால் 2007 மே மாதத்தில் ஒரு தொன் நிக்கல் 50,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது. அந்த விலை தாங்காத உருக்காலைகள் நிக்கல் குறைந்த உருக்கு வகைகளுக்கு மாறின. சீனத்து ஆலைகள் தரங்குறைந்த தாதிலிருந்து நிக்கல் கலந்த வார்ப்பிரும்பைச் செய்யத் தொடங்கின. 2008இல் உலகப் பொருளாதாரம் தளர்ந்தபோது, அவ்வாண்டின் இறுதிக்குள் விலை 10,000 டொலர் அளவுக்கு இறங்கியது. உக்ரேன் போர் தொடங்கியபின், 2022 மார்ச் 8ஆந் திகதி, விலை ஒரு தொன்னுக்கு 100,000 டொலரையும் சிறிது நேரம் கடந்தது. இலண்டன் உலோகச் சந்தை வாணிகத்தை நிறுத்தி, அன்றைய விற்பனைகளையும் செல்லாதனவாக்கியது. பின்னர் இந்தோனேசியாவின் உற்பத்தி பெருகி விலையைத் தாழ்த்தியது. 2024இல் பி.எச்.பி. நிறுவனம் மேற்கு அவுஸ்திரேலியாவிலுள்ள தன் நிக்கற் தொழிலை இடைநிறுத்தியது. அத்தொழில், வெஸ்டேர்ண் மைனிங் கோப்பரேசனிடமிருந்து 2005இல் அந்நிறுவனம் வாங்கியதே. 1969இல் முடிவற்றது எனத் தோன்றிய நிக்கற் செல்வம், அரை நூற்றாண்டு கழிந்தபின் வேறொரு நாட்டின் மலிந்த நிக்கலால் இவ்வாறு ஓய்வு பெற்றது.

இவற்றால் சுரங்கப் பங்குகளை எவருமே வாங்கலாகாது என்பது கருத்தன்று. உலகுக்குச் செம்பும் இரும்பும் நிக்கலும் என்றும் வேண்டும். அவற்றை அகழ்வோர்க்கு முதலும் வேண்டும். ஆனால், அந்த முதலை இடுபவர் நான்கு வினாக்களுக்கு விடை கண்டபின் இடுதல் நன்று. முதலாவது, அந்தக் கம்பனி உலோகத்தை விற்றுக்கொண்டிருக்கின்றதா, அல்லது உலோகம் கிடைக்கும் என்ற சொல்லை விற்றுக்கொண்டிருக்கின்றதா? இரண்டாவது, ஒரு தொன்னை எடுக்க அதற்கு ஆகும் செலவு யாது. விலை பாதியாகக் குறைந்தால் அது உயிர்வாழுமா? மூன்றாவது, சுரங்கத்தைக் கட்டி முடிக்கும் பணம் எங்கிருந்து வரும்? கடனாயின் வட்டி உண்டு. புதுப் பங்குகளாயின் முன்னர் வாங்கியவரின் உரிமை சுருங்கும். நான்காவது, விலையேற்றத்துக்குக் காரணம் யாது. அந்தக் காரணம், சுரங்கம் பயன்தரும் நாள்வரை நிற்குமா? வேலைநிறுத்தம் மாதங்களில் முடியும். சுரங்கம் பிறக்க ஆண்டுகள் வேண்டும்.

இவற்றுக்குமேல் ஒன்றுண்டு. ஒருவர் இடும் பணம் எத்தகையது என்பதே அது. மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் சேர்த்துவைத்த பணத்துக்கு, இழந்தாற் காத்திருந்து மீட்கும் ஆற்றல் இல்லை. வீட்டின் கூரையைப் பிரித்து விறகாக்குவோர் மழைக்காலத்தில் வருந்துவர். செல்வர் ஒருவர் தம் செல்வத்தில் நூறில் ஒரு பங்கை இட்டு இழந்தால் அது ஒரு பாடமாகும். உழைப்பாளி ஒருவர் முப்பது ஆண்டுச் சேமிப்பை இட்டு இழந்தால் அது ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியாகும். பொசைடனின் விலைப் பட்டியலில் இந்த வேறுபாடு காணப்படுவதில்லை. 280 டொலர் என்ற எண் மட்டுமே அங்கே நிற்கின்றது. அந்த விலையில் வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது என்பதை எண்களைப் படிப்போர் தாமே நினைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

நிலத்தின் கீழுள்ள செல்வம் பல கோடி ஆண்டுகளாக அங்கே இருந்துவருகின்றது. அது எவருக்காகவும் விரைவதில்லை. அதை நாடிச் செல்வோரும் விரையாதிருத்தலே அறிவுடைமை. ஊரெல்லாம் ஒரு பங்கின் பெயரைச் சொல்லும் நாளில், அதன் விலையைக் கேட்பதற்கு முன் அதன் சுரங்கத்தைப்பற்றிக் கேட்பவர், சில வேளை ஓர் ஆதாயத்தைத் தவறவிடக்கூடும். தம் வீட்டைத் தவறவிடமாட்டார்.